அமானிதமும் கூலியும்

ஒருவர் தம் பொருளை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுக் கடல் கடந்து போகிறார். அதைக் காப்பதற்கு நாம் கூலி வாங்குகிறோம். கூலி வாங்கிய பின்பும் அப்பொருள் அமானிதம்தானா? அல்லது மற்ற வியாபாரங்களைப் போல் அதுவும் ஒரு வியாபாரம் என்று சொல்லிவிடலாமா? துறைமுகத்தை நம்பிப் பிழைத்த பினாங்கு நகரத்தாராகிய நாம் இதைச் சற்று ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள்.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் நிறுவப்பட்டது. அக்காலந்தொட்டே சூலியாத் தெருவும் அதன் சுற்றுப்புறமும் வருவோர் போவோரின் மூட்டை முடிச்சுகளோடு வளர்ந்தவை. பின்னாளில் 1926-இல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் இடையே நெடுங்காலம் ஓடிற்று. ஊருக்குப் புறப்படும் சபுராளி ஒரு டிரங்குப் பெட்டியைத் தம்மோடு எடுத்துக்கொள்வார். மற்றொன்றைத் தெரிந்த கடையின் மாடியில் வைத்துவிட்டுப் போவார். ரசீது கிடையாது, வாடகையும் கிடையாது. "பார்த்துக்கொள்ளுங்கள் பாய்" என்ற ஒரு சொல்தான் பத்திரம். குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968-இல் வந்தது. அதன் பின் பலர் ஊர் திரும்ப நேர்ந்தபோது, அப்படி விட்டுச் சென்ற பெட்டிகள் மாடிகளில் பெருகின என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரஜூலாவிற்குப் பின் வந்த சிதம்பரம் என்னும் கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் நேர்ந்த அவ்விபத்திற்குப் பின் அது மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை.

இன்று நம் பிள்ளைகள் மெல்போர்னுக்கும் லண்டனுக்கும் குடும்பத்தோடு குடிபெயர்கிறார்கள். மனிதர் விமானத்தில் போகிறார். வீட்டுச் சாமான்களோ கப்பலில் பின்னால் போகின்றன. இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஆள் வந்து வீட்டைப் பார்த்து, சாமான்களின் கன அளவைக் கணக்கிட்டு, விலை சொல்வார். இருபதடி கன்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 33 கனமீட்டர் கொள்ளும். அவ்வளவு சாமான் இல்லாதவர் பிறருடைய சாமான்களோடு சேர்த்து அனுப்புவார். போகும் ஊரில் வீடு அமையும்வரை குடோனில் வைத்திருக்கவும் மாத வாடகை உண்டு. பெட்டியும் கயிறும் பைகளும் விற்கும் கடைக்காரனாகிய நான் இத்தகைய பயணங்களை அன்றாடம் பார்க்கிறேன். போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எவ்வளவு செலவாகும்?" "யாரை நம்புவது?" என்று கேட்பவர் சிலரே.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமானிதங்களை அவற்றிற்கு உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 58-ஆம் வசனம் விதிக்கும் கடமை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் மக்காவைவிட்டுப் புறப்பட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களை அங்கே நிறுத்திவிட்டுச் சென்றார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நாடு துறந்தவர் பொருளின் சொந்தக்காரரல்லர், அதைக் காத்தவர். அவர்களை ஊரைவிட்டு வெளியேறச் செய்தவர்களும் அதே மக்காவாசிகள்தாம். அப்படியிருந்தும் ஒப்படைத்தவர் நண்பரா பகைவரா என்று பார்த்து அமானிதத்தின் கனம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கூலியைப் பற்றிய சட்டமும் உண்டு. உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்ற சட்டநூல், 1913-இல் நம் ஜொகூரிலும் மலாய் மொழியில் வந்தது. அதன் 777-ஆம் பிரிவின் கருத்து இது: கூலியின்றிக் காத்தவரிடம், அவர் குற்றமோ கவனக்குறைவோ இன்றிப் பொருள் அழிந்தால் அவர் ஈடு தரவேண்டியதில்லை. கூலி வாங்கிக் காத்தவரோ, தடுத்திருக்கக் கூடிய காரணத்தால் பொருள் அழிந்தால் ஈடு தரவேண்டும். சகோதரர்களே, இதன் பொருள் என்ன? கூலி வாங்கியதால் பொறுப்புக் குறைந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். சட்டமோ அதைக் கூட்டுகிறது.

நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், அதைப் பின்பற்றிய 1950-ஆம் ஆண்டின் மலேசிய ஒப்பந்தச் சட்டமும், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு வைத்திருப்பாரோ அவ்வளவு கவனம் பிறர் பொருளுக்கும் வேண்டும் என்கின்றன. பினாங்கின் ஈரக் காற்றில் தோல் பெட்டி பூசணம் பிடிக்கும். மரச் சாமானைக் கறையான் அரிக்கும். கூரை ஒழுகினால் புத்தகம் கூழாகும். தம் வீட்டுக் குர்ஆனையும் கல்யாணப் பட்டையும் அந்த மூலையில் வைப்பாரா என்று குடோன்காரர் தம்மையே கேட்டுக்கொண்டால், வேறு சட்டப் புத்தகம் தேவையில்லை.

ஆனால் இக்காலத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. பொருள் ஒரு கையில் நிற்பதில்லை. கட்டுகிறவர் ஒருவர், லாரிக்காரர் ஒருவர், குடோன்காரர், துறைமுக ஏஜெண்டு, கப்பல்காரர், அக்கரையில் சுங்கத்தைக் கவனிப்பவர் என்று பல கை மாறுகிறது. பெட்டி உடைந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார். 1924-இல் வகுத்த பன்னாட்டுக் கப்பல் சரக்கு விதிகள், மதிப்பை முன்கூட்டி எழுதிக் காட்டாத பொதி ஒன்றுக்குக் கப்பல்காரரின் பொறுப்பை 100 பவுனில் நிறுத்தின. பின் வந்த விதிகள் தொகையை மாற்றினவே தவிர எல்லையை நீக்கவில்லை. ஃபிக்ஹ் அறிஞர்களிற் பெரும்பாலோர் கூறுவது யாதெனில், தக்க நெருக்கடி இல்லாமலும் சொந்தக்காரரின் அனுமதி பெறாமலும் அமானிதத்தை மற்றொருவரிடம் கொடுத்தவரே அதன் சேதத்திற்குப் பொறுப்பாளி. ஆகவே, "இன்ன வேலையை இன்னார் செய்வார், இவ்வளவுக்குத்தான் நாங்கள் பொறுப்பு" என்று புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்வது கம்பெனியின் கடமை. படிக்க இயலாத சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவது அனுமதி பெற்றதாகாது. சாமான்களை லாரியில் ஏற்றிய பின் விலையை உயர்த்தி, கொடுத்தால்தான் இறக்குவோம் என்பதோ அமானிதத்தைப் பணயப் பொருளாக்குவது. அதற்கு வியாபாரம் என்ற பெயர் பொருந்தாது.

பொருளுக்கு உரியவருக்கும் கடமை உண்டு. பெட்டிக்குள் இருப்பதை மறைக்கக் கூடாது. நகை, பணம், உறுதிப் பத்திரம் ஆகியவற்றைப் பிறர் தலையில் சுமத்தாமல் தம் கையோடு கொண்டு போக வேண்டும். எண்ணிட்டுப் பட்டியல் எழுதி இரு தரப்பும் கைச்சாத்திட வேண்டும். நம் வீட்டார் தாமே கட்டிய பெட்டிக்குள் கண்ணாடி உடைந்தால் இன்ஷூரன்ஸ்காரர் பெரும்பாலும் ஈடு தருவதில்லை. அதை முன்பே கேட்டறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தமக்கு மௌத் நேர்ந்தால் பெட்டி யாரைச் சேரும் என்று எழுதிவைக்க வேண்டும். அது காப்பவர் மேல் காட்டும் இரக்கம்.

சரி, எழுதி வைக்காதவர் திரும்பியும் வரவில்லை, வாடகையும் வரவில்லை என்றால் என்ன செய்வது? இதுவே கடினமான கேள்வி. "இத்தனை வருடம் ஆயிற்று, இனி நமக்குத்தான்" என்று சிலர் சொல்வதுண்டு. காலம் கடந்ததால் மட்டும் பிறர் பொருள் நம் பொருளாகிவிடுமா? ஆகாது. அதே வேளையில், வாடகை வராத பெட்டியை ஆயுள் முழுதும் சுமக்கும்படி எளிய கடைக்காரரைக் கட்டாயப்படுத்துவதும் நியாயமன்று. என் கருத்து இது: முதலில் உரியவரின் முகவரிக்கும் அவருடைய ஊர் ஜமாஅத்திற்கும் எழுத வேண்டும். நியாயமான தவணை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சட்டம் இடம் கொடுக்கிறதா என்று அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்த பின்பே, சாட்சிகள் முன் திறந்து விற்கலாம். தமக்குச் சேர வேண்டிய பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உரியவரின் பெயரில் பேரேட்டில் எழுத வேண்டும். கடிதம், நிழற்படம், குடும்பப் பத்திரம் போன்றவற்றை ஒருநாளும் விற்கலாகாது. சந்தையில் அவற்றிற்கு விலையில்லை, ஒரு குடும்பத்திற்கோ அவற்றிற்கு ஈடில்லை. கோரப்படாத பணத்திற்கென 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. அப்பணத்தை அரசு வாங்கி வைத்து, உரியவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்கிறது. அரசுக்கு உள்ள அந்த எண்ணம் கடைக்காரருக்கும் இருக்க வேண்டும்.

ஆகவே கூலி என்பது இடத்திற்கும் உழைப்புக்கும் உரிய விலை. நாணயத்திற்கு விலை போட்டுக் கூலி வாங்க முடியாது. வாடகையை நிறுத்தினால் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. மாடியில் பழைய பெட்டி வைத்திருக்கும் சகோதரர்கள் இவ்வாரமே அதன் தூசியைத் தட்டி, பெயரைப் படித்து, உரியவரின் ஊருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவர் இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள்.