கதிரவனுக்குள் இருப்பவன்

காயத்ரியின் தெய்வம் சூரியன் என்று சொல்லிப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ரிக்வேதத்தின் 3ஆம் மண்டலத்தில் வரும், விசுவாமித்திரர் கண்ட அந்த மந்திரம் எதை வேண்டுகிறது என்று பார்த்தால் அந்தப் பதில் போதாது. அது மழை கேட்கவில்லை, செல்வம் கேட்கவில்லை. நம் அறிவைத் தூண்டும்படி கேட்கிறது. வானத்துக் கோளம் அறிவுக்குள் புகுந்து அதை நடத்துமா? பிருகதாரண்யக உபநிடதத்தின் அந்தர்யாமிப் பகுதி விடை தருகிறது: சூரியனுக்குள் இருந்து, சூரியனே அறியாதபடி அதை இயக்குபவன் எவனோ, அவனே அறிவுக்குள்ளும் இருந்து இயக்குகிறான். ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுஜர் அவனை நாராயணன் என நிறுவுகிறார்.

மந்திரத்தில் நாராயணன் பெயரே இல்லையே, பழைய வேதத்தின்மேல் பிற்காலச் சமயம் ஏற்றிய பொருள்தானே என்பார்கள். பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் கதிரவனுக்குள் ஒருவன் என்ற கருத்தை வைணவ ஆசாரியர்கள் ஏற்றவில்லை. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே உபநிடதம் சொல்லிவிட்டது. அவன் யார் என்பதில்தான் சைவர்கள் வேறுபடுகிறார்கள். அவர்களுக்கு அவன் சிவன். வைணவர் காட்டும் சான்று சாந்தோக்கிய உபநிடதம்: ஆதித்தனுக்குள் தெரியும் பொன்மயமான புருஷனுக்கு அது தாமரைக் கண்களைச் சொல்கிறது. செந்தாமரைக் கண்ணன் என்று ஆழ்வார்கள் உருகியது வேறு யாரை?