தன்கதையில் பிறர் பங்கு

தம்மைப் பற்றியே ஓயாமல் பேசுவோரைக் கண்டால் நாம் ஒதுங்கிச் செல்கிறோம். ஆனால், தம் வாழ்வில் நடந்ததை மிகையின்றி ஒருவர் சொல்லத் தொடங்கினால் அருகில் அமர்ந்து கேட்கிறோம். இருவரும் பேசுவது தம்மைப் பற்றியே. எனின், வேறுபாடு எங்கே இருக்கிறது? தன்கதையைச் சொல்ல மனிதனுக்குள்ள உரிமை எதுவரை செல்லும்? அமெரிக்கச் சித்திரக்கதைக்காரர் ஜான் போர்செலினோவின் பணியை முன்வைத்து இவ்வினாவைச் சிந்திப்போம்.

1968ஆம் ஆண்டு சிகாகோவில் பிறந்த இவர், 1989இல் 'கிங்-கேட்' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். எழுதி வரைபவர் அவரே. ஒளிநகல் எடுத்து, தாள்களை மடித்துப் பிணைத்து, அஞ்சலில் அனுப்புபவரும் அவரே. மாவீரர்கள் பறந்து சண்டையிடும் சித்திரக்கதைகளுக்குப் பெருஞ்சந்தை இருந்த நாட்டில், இவர் அன்றாட வாழ்வின் சிறு நிகழ்ச்சிகளை மெல்லிய, எளிய கோடுகளால் வரைந்தார். தம்மைப் போன்றோரின் சிறுநூல்களையும் வாசகரிடம் சேர்க்க 1992இல் சிறியதொரு விற்பனை அமைப்பையும் ஏற்படுத்தினார். 'கிங்-கேட்' இதுவரை எண்பது இதழ்களுக்கு மேல் வெளிவந்துள்ளது.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் செய்த வேலைகளுள் ஒன்று கொசு ஒழிப்பு. அவ்வனுபவங்கள், 'கொசு ஒழிப்பாளனின் நாட்குறிப்பு' என்று பொருள்படும் தலைப்பில் 2005இல் நூலாயின. ஊருக்கு நன்மை எனக் கருதப்படும் வேலைதான். ஆயினும் ஜென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்ட பின், உயிர்களைக் கொல்வதே தொழிலாயிற்றே என்று அவர் உள்ளம் கலங்குகிறது. குடலில் தோன்றிய கட்டியையும் அறுவை சிகிச்சையையும், பின்னர்த் தம்மை வாட்டிய அச்சத்தையும் மனநோயையும் 2014இல் வெளிவந்த 'தி ஹாஸ்பிடல் சூட்' நூலில் வரைந்தார். தனிமையில் துன்புறும் ஒருவருக்கு, "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லும் குரல் கிடைப்பது சிறிய உதவியன்று. தன்கதை கொடையாவது இங்கேதான்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கிறது. எவருடைய வாழ்வும் அவருக்கு மட்டும் உரியதன்று. பெற்றோர், துணைவர், நண்பர் என்று பலர் அதில் நடமாடுகின்றனர். போர்செலினோவின் கதைகளில் ஒரு மணமுறிவும் உண்டு. மணமுறிவு இருவர் துயரம். பேனாவோ ஒருவர் கையில். மற்றவர் தம் பக்கத்தைச் சொல்ல அந்தத் தாளில் இடமில்லை.

இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படும் ஜஸ்டின் கிரீன், 1972இல் வெளியிட்ட நூலில், கத்தோலிக்கச் சிறுவனாக வளர்ந்த காலத்தில் தம்மை வதைத்த குற்றவுணர்வை வரைந்தார். விரும்பாத எண்ணங்கள் மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் மனநோயே அத்துன்பத்துக்குக் காரணம் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்துகொண்டார். அந்நூல் நம்மில் சிலருடைய மனத்தைப் புண்படுத்தக்கூடும். எனினும், ஒரு சிறுவனின் அச்சத்தை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்று அது நம்மைக் கேட்கிறது. அச்சிறுவனை வாட்டிய பாவசங்கீர்த்தனத்திலேயே நம் வினாவுக்கு ஒரு வெளிச்சமும் இருக்கிறது. அங்கே நாம் சொல்வது நம் பாவத்தை. பிறர் பாவத்தை அன்று. உடன் குற்றம் செய்தவரின் பெயரைக் குருவானவர் கேட்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 979ஆம் விதி கூறுகிறது. உண்மையை முழுதும் சொல்லலாம். அதற்காக மற்றவரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்நெறியை நாம் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாது. தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்ல வருவோரிடம், "பிறர் பெயரைக் கெடுக்காதே" என்று வாயடைப்பது இரண்டாவது கொடுமையாகும். நீதி கேட்பவர் கொடுமை செய்தவரைச் சுட்டியே ஆகவேண்டும். நாம் பேசுவது வேறொன்றைப் பற்றி: நம் கதைக்குச் சுவை கூட்டுவதற்காகவோ, நம்மை நல்லவராகக் காட்டுவதற்காகவோ மற்றவருடைய பலவீனத்தை எடுத்துப் பரப்புவதைப் பற்றி.

தன்கதையை ஊரறியச் சொல்வது இன்று சித்திரக்காரருக்கு மட்டும் உரிய செயலன்று. கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் நாள்தோறும் அதைச் செய்கிறோம். நோய்ப்படுக்கையில் கிடக்கும் தந்தையின் படத்தைச் செபம் வேண்டி நூறு பேருக்கு அனுப்புகிறோம். தேர்வில் தவறிய மகனின் கண்ணீரை உறவினர் குழுவில் பகிர்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால், அந்தத் தந்தையிடம் ஒரு சொல் கேட்டோமா? அந்த மகன் இருபது வயதில் அதைக் காண நேர்ந்தால் என்ன நினைப்பான்?

சில கோடுகளால் முகம் வரைபவருக்கு எதை விடவேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். விட்ட கோடுகளால் அம்முகம் பொய்யாகிவிடுவதில்லை. நம் துயரத்தைத் தயங்காது சொல்வோம். பிறர் துயரத்தைச் சொல்லுமுன் அவரிடம் கேட்போம். அவர் வேண்டாமென்றால், செபத்துக்கு அவர் பெயர் மட்டும் போதும்.