வீட்டு வாலையும் மனச்சாட்சியும்



சென்ற முந்திரிக் காலத்தில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். நம் பங்கு வாலிபர் ஒருவர் வந்து ஒரு கேள்வி கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, நாலு பேர் காதில் விழும்படி கேட்டதுதான். அதைப்பற்றி எழுத அவர் சம்மதமும் தந்திருக்கிறார்.

"சாமி, செந்துறைப் பக்கமெல்லாம் கொட்டையை எடுத்துக்கொண்டு முந்திரிப்பழத்தை மண்ணிலே அழுக விடுகிறோம். அதையே கோவாவில் வடித்து ஃபெனி என்று விற்கிறார்கள். நான் விற்கப் போவதில்லை. சின்னதாக ஒரு வாலை செய்து எங்கள் வீட்டுக்கு மட்டும் வடித்துக்கொண்டால் அது பாவமா?"

அவர் தொழிற்கல்வி படித்தவர். தாம் செய்ய நினைத்த வாலையைக் காகிதத்தில் வரைந்தும் காட்டினார். அண்டாவின்மேல் நெடிய குழாய் ஒன்று. அதில் ஏறும் ஆவியில் ஒரு பகுதி குளிர்ந்து மறுபடி கீழே இறங்கும். இறங்கியது சூடேறி மீண்டும் மேலே போகும். இப்படிப் பலமுறை ஏறி இறங்குவதால் தண்ணீர் பின்தங்க, சாராயம் மேலும் மேலும் சுத்தமாகி வந்து சேரும்.

நான் சட்டென்று, "தம்பி, கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டாயா?" என்றேன்.

அவர் பணிவோடு, "சாமி, அங்கே ஜனங்களைக் கொன்றது வீட்டில் வடித்த சரக்கு இல்லை. தொழிற்சாலை மெத்தனால்" என்றார்.

பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அவர் சொன்னது சரி. நான் பிரசங்கத்திலும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியிருக்கிறேன். அந்தப் பிழையை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

2024 ஜூன் மாதம், வெள்ளாற்றுக்கு வடக்கே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட்டுச் சாராயம் குடித்தவர்களில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள்; பெண்களும் அவர்களில் உண்டு. அதற்கு முந்தின ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் விஷம் மெத்தனால். அது தொழிற்சாலைகளுக்கான பொருள். நாவினாலோ கண்ணினாலோ அதைப் பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண்ணின் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கிறது. பிறகு உயிரையும் பறிக்கிறது. வெல்லத்தை ஊறல் போட்டு வடித்தால் மெத்தனால் மிக மிகக் குறைவு. பழத்தில் பெக்டின் என்ற பொருள் இருப்பதால் ஓரளவு உண்டாகும். ஆயினும் கருணாபுரத்தில் கொன்றதற்கு அது ஈடாகாது.

ஒரு செயலை விலக்குவதற்குப் பொய்யான காரணம் சொல்லக்கூடாது. காரணம் பொய்யென்று தெரிந்த நாளில் விலக்கும் சேர்ந்து விழுந்துவிடும். ஆகையால் அவருடைய கேள்வியை முதலிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

மதுபானம் தன்னிலே தீயதா? இல்லை. கானாவூர்க் கலியாணத்தில் நம் ஆண்டவர் தண்ணீரை இரசமாக்கினார். பிரான்சு தேசத்தில் கர்த்தூசியன் துறவிகள் மூலிகைச் சாராயம் வடிக்கிறார்கள். கோவாவில் நம் வேதத்தைச் சேர்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக முந்திரிப்பழம் வடித்துப் பிழைக்கின்றன. அவர்களுடைய ஃபெனிக்கு 2009-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நியூசிலாந்து தேசத்திலோ 1996 முதல் ஒருவன் தன் வீட்டுத் தேவைக்குச் சாராயம் வடிப்பது குற்றமே இல்லை. திருச்சபை நமக்குக் கற்பிப்பது மட்டசனம் என்ற புண்ணியம். குடிவெறி பாவம், சாராயம் என்னும் பொருள் பாவமன்று.

நம் நாட்டுச் சட்டமோ வேறு. 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதியின்றிச் சாராயம் வடிப்பதும், அதற்கென்று வாலை வைத்திருப்பதும் குற்றம். கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை என்று 2024-ல் அந்தச் சட்டம் மேலும் கடுமையாயிற்று.

இங்கே அந்த வாலிபர் கூர்மையாக ஒன்று கேட்டார். "2003 முதல் சர்க்காரே கடை வைத்து விற்கிறது. வருமானம் தனக்கு மட்டும் வரவேண்டும் என்பதற்காகப் போட்ட சட்டத்துக்கு மனச்சாட்சி ஏன் கட்டுப்பட வேண்டும்?"

இது அற்பமான கேள்வியன்று. குருமடத்தில் நாங்கள் இதைப் படித்திருக்கிறோம். சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுவதில்லை, அகப்பட்டால் தண்டனையை ஏற்றுக்கொள்ளும் கடமையை மட்டுமே விதிக்கின்றன என்று சுவாரெஸ் போன்ற பெரிய வேதசாஸ்திரிகள் எழுதியிருக்கிறார்கள். வடிக்கத் தடை போடும் சட்டம் வெறும் வரிக்காக மட்டும் இருந்தால், நாம் அவரோடு நெடுநேரம் வாதாடலாம். ஆனால் சட்டம் பொதுநன்மைக்காக ஏற்பட்டது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். கருணாபுரத்துக்குப் பிறகு, இந்தத் தடையில் பொதுநன்மை ஒன்றுமில்லை என்று எவர் சொல்லத் துணிவார்? சர்க்கார் கடையைப்பற்றி நமக்கு வருத்தம் இருக்கலாம், எனக்கும் உண்டு. அதற்காக இந்தச் சட்டத்தின் அடியில் ஐந்தாம் கற்பனை இருப்பதை மறக்க முடியாது.

இருந்தாலும் என் முடிவான பதிலை நான் சட்டத்தின்மேல் கட்டவில்லை. அவரிடம் ஒன்றே கேட்டேன்: "தம்பி, அது உன் வீட்டுக்குள்ளேயே நிற்குமா?"

அவர் யோசித்தார். நம் ஊரை நமக்குத் தெரியாதா? ஒரு வீட்டில் பலாப்பழம் அறுத்தால் வாசனை நாலு தெரு போகிறது. முதல் மாதம் மச்சான் வருவார். அடுத்த மாதம் கேத வீட்டுக்கு ஒரு பாட்டில் கேட்பார்கள். பந்தக்கால் நடுகிறவனும் கேட்பான், பறித்த கைக்கு மருந்து என்று கிழவரும் கேட்பார். இல்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு மனம் வரும்? அதன் பிறகு ஒருவன் காசு நீட்டுவான். விற்கவில்லை என்ற வார்த்தை அன்றைக்குப் போய்விடும்.

இதிலும் பெரியது ஒன்று உண்டு. இந்த வாலிபர் கவனமுள்ளவர்; அவர் வடிப்பதில் விஷம் இல்லாமலிருக்கலாம். அதைக் குடித்துச் சுகமாயிருக்கும் பத்துப் பேர், "கையால் வடித்ததுதான் நல்லது" என்று நம்பத் தொடங்குவார்கள். அந்த நம்பிக்கையோடு அவர்கள் வேறொருவனிடம் போய் அவன் நீட்டும் பாக்கெட்டையும் வாங்குவார்கள். அவனிடம் வாலையே கிடையாது. கேனில் வந்த மெத்தனாலும் குழாய்த் தண்ணீரும்தான் உண்டு. குடிக்கிறவனுக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. நல்லவன் வளர்த்த நம்பிக்கையைத்தான் வஞ்சகன் விற்கிறான். இதற்கு நம் பழைய ஞானோபதேசத்தில் துர்மாதிரிகை என்று பெயர். தன் போசனம் சகோதரனுக்கு இடறலாகுமானால் அதையே விட்டுவிடத் தயார் என்று அர்ச். சின்னப்பர் எழுதியதன் கருத்தும் இதுதான்.

நோவா வெறித்துக் கிடந்ததைப்பற்றி அர்ச். தோமாஸ் ஒரு நுட்பம் சொல்லுகிறார். இரசத்தின் வேகத்தை அறியாமல் குடித்ததால் அவரைப் பாவியென்று சொல்லக்கூடாதாம். கருணாபுரத்தில் குடித்தவர்களும் அறியாதவர்கள். அவர்களைத் தூற்ற நமக்கு உரிமையில்லை. ஆனால் 2024-க்குப் பிறகு, இந்தச் சீமையில் சாராயம் வடிக்க உட்காருகிற எவனும், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாது என்று சர்வேசுரன் சந்நிதியில் சொல்ல முடியாது. ஆகையால் கோவாவில் பாவமில்லாத ஒரு வேலை ஆலத்தியூரில் பாவமாகக்கூடும். வாலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரன் வேறு.

"அப்படியானால் கடையில் வாங்கிக் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன் நல்லவனா, சாமி?" என்று கடைசியாகக் கேட்டார். இல்லை. முத்திரை ஒட்டின பாட்டிலாயிருப்பதால் குடிவெறி புண்ணியமாகிவிடாது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தவன், வாலை வைக்க நினைத்த இந்த வாலிபரைவிடக் கனமான கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன். வாலிபரைக் கண்டித்தாகிவிட்டது என்று அவன் மகிழ வேண்டாம்.

அந்தக் காகிதத்தை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கிழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இவ்வளவு கை நுணுக்கமும் புத்தியும் உள்ளவர், அழுகும் பழத்துக்கு வேறு வழி கண்டுபிடிக்கட்டும். முந்திரித்தோப்பு வைத்திருக்கும் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசினால் நல்லது.

குடியினால் கண்ணீர் விடும் குடும்பம் நம் பங்கில் ஒன்றா இரண்டா? வெட்கப்படாமல் வாருங்கள். பங்கு வீட்டுக் கதவு இரவிலும் திறக்கும்.

உங்கள் பங்குக் குரு