மருந்தும் மானமும்

ஆண்டவனை நம்பாத இளைஞன் ஒருவன், அறிவை நம்புகிறவன், அல்லற்படுவோருக்குத் தொண்டாற்றும் ஆர்வம் கொண்டவன். அவன் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் நடுவே, பாலைவனச் சிற்றூர் ஒன்றுக்கு மருத்துவனாகவோ ஆசிரியனாகவோ பணியாற்றச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எங்கு நோக்கினும் செம்மண். ஊசிபோற் குத்தும் புல். நெடுந்தொலைவுக்கு வேறு ஊர் இல்லை. அவ்வூர் ஆதிக்குடி மக்கள் அவனிடம் கூறுகிறார்கள்: "அதோ தெரியும் குன்று வெறுங்கல் அன்று, எம் முன்னோர் நடந்த வழி, அதன் மீது ஏறாதே. மாண்டவரின் பெயரை உச்சரிக்காதே. ஆடவர் போகலாகாத இடம் இது; மகளிர் போகலாகாத இடம் அது."

அவன் செய்ய வேண்டுவது யாது? 'மடமை! மடமை!' என்று முழங்கிக் குன்றின் உச்சியில் ஏறி நின்று காட்டுவதா? வாய்மூடிக் கிடப்பதா? வாய்மூடிக் கிடந்தால், கொண்ட கொள்கை என்னாவது? வாய்திறந்தால், அவர்தம் மானம் என்னாவது? எளிய கேள்வி என்று எவரேனும் எண்ணினால், அவர் பகுத்தறிவை மனப்பாடம் செய்தவரேயன்றிப் பயன்படுத்தியவர் அல்லர் என்போம்.

நாம் பகுத்தறிவைக் கையில் எடுத்தது எதற்காக? நம் தலைமேல் ஏறி அமர்ந்தோரைக் கீழே இறக்குவதற்காக. 1953இல் பெரியார் பிள்ளையாரை உடைத்தார் என்றால், அவர் உடைத்தது தம்மைப் பெற்ற சமுதாயத்தின் பிள்ளையாரை. அதன் பெயரால் ஆதிக்கம் செலுத்தியோரின் எதிரே நின்று உடைத்தார். கீழிருந்து மேல்நோக்கி ஓங்கிய கை அது. பாலைவனத்திற்குப் போகும் நம் இளைஞனின் கையோ மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் கை. அவன் பின்னே சர்க்கார் நிற்கிறது, சம்பளம் நிற்கிறது, சட்டம் நிற்கிறது. அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அந்த மண்ணிலே அவனுக்கு முன்பே போனவர்களின் அடிச்சுவடு அழியவில்லையே!

1928ஆம் ஆண்டு, கானிஸ்டன் என்னும் இடத்தைச் சுற்றி, வெள்ளையன் ஒருவன் கொலையுண்டதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட போலீஸ் குழு ஆதிக்குடி மக்களைத் தேடித் தேடிச் சுட்டது. சர்க்கார் கணக்கில் மாண்டோர் 31 பேர். அம்மக்களின் நினைவிலே அதனினும் மிகப் பலர். விசாரணை நடந்தது, சுட்டது நியாயமே என்று தீர்ப்பும் வந்தது. பிறகு காலம் மாறிற்று. துப்பாக்கி போய்த் திட்டம் வந்தது. 1951 முதல் 'ஒன்றாக்குதல்' அந்நாட்டின் கொள்கையாயிற்று. ஆதிக்குடியினர் அனைவரும் மற்ற ஆஸ்திரேலியர்போலவே வாழப் பழக வேண்டுமாம்! அந்த எண்ணத்தில் எழுந்ததுதான் 1959இல் அமைந்த பாப்புன்யா குடியிருப்பு. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். பிந்துபி, லுரிட்ஜா, வார்ல்பிரி எனப் பல மொழியினரை, பல நிலத்தினரை, ஒரே இடத்தில் கூட்டி வைத்தார்கள். தம் நிலத்தை விட்டு வந்தவர்களை நோயும் துயரும் வாட்டின, மாண்டோர் பலர்.

இதைச் செய்தவர்கள் எல்லாம் கொடியவர்களா? இல்லை என்பதுதான் நம் உறக்கத்தைக் கெடுக்க வேண்டிய செய்தி. அவர்களிலே பலர், அறியாமையை அகற்றுகிறோம், அழுக்கைக் களைகிறோம், நாகரிகம் நல்குகிறோம் என்று மெய்யாகவே நம்பினார்கள். ஆம், தோழர்களே, 'அறிவு' என்ற சொல்லைத்தான் அவர்களும் பயன்படுத்தினார்கள்!

பாப்புன்யாப் பள்ளிக்கு 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்றோர் ஆசிரியர் வந்தார். அங்கிருந்த முதியோர், தம் தேனெறும்பின் கதையைப் பள்ளிச் சுவரிலே தம் முறையில் தீட்ட அவர் துணைநின்றார். அதிலிருந்து கிளைத்தது ஓர் ஓவிய இயக்கம். 1972இல் ஓவியர்களுக்கே உரிமையான நிறுவனமும் உருவாயிற்று. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தச் சுவரோவியத்தின் மீது வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். பள்ளிச் சுவர் துப்புரவாக இருக்க வேண்டுமல்லவா! துப்புரவு என்பது எத்தனை பேரின் முகத்தை அழிக்கும் சொல் என்பதை நாமும் அறிவோம்.

1981இல் பிந்துபி மக்களிலே பலர் தம் சொந்த நிலத்தை நோக்கி மேற்கே திரும்பினர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தொலைவில் கின்டோர் என்னும் ஊர் பிறந்தது; அவர்கள் மொழியில் வாலுங்குரு. ஆனால் குடியிருப்பு வாழ்வு தந்த நோய்கள் உடன் வந்தன. மாவும் சர்க்கரையும், நெருக்கடியான வீடுகளும், குழந்தைப் பருவத்துத் தொற்றுகளும், நீரிழிவும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றன. சிறுநீரகம் செயலற்றவருக்கு வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் பல மணிநேரம், இரத்தத்தைக் கருவியால் தூய்மை செய்யும் டயாலிசிஸ் வேண்டும். கருவி இருப்பதோ நகரத்தில். ஆகவே, உயிர் வேண்டுமா, ஊரை விடு. ஊர் வேண்டுமா, உயிரை விடு!

நகரத்துக்குப் போனவர்கள் என்னவானார்கள்? மொழி புரியாத தெருக்களிலே, உற்றார் இல்லாத அறைகளிலே, தம் பேரக்குழந்தைக்கு நிலத்தின் கதையைச் சொல்லும் கடமை கைநழுவிப் போவதைப் பார்த்தபடி கிடந்தார்கள். சிலர் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்பி மாண்டார்கள். மருத்துவமனைக் குறிப்பேட்டில் அவர்களுக்கு ஒரு பட்டம் கிடைத்தது: 'ஒத்துழைக்காத நோயாளி'.

பாலைவனத்துக்கே கருவி வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். செலவு கட்டாது என்று சொல்லப்பட்டது. கணக்கு சரியாகத்தான் இருந்தது! கருவியின் விலை, தாதியின் சம்பளம், சாலையின் நீளம் அனைத்தும் கணக்கில் இருந்தன. மனிதன் ஒருவன்தான் விடுபட்டுப் போனான். அப்போது அம்மக்கள் செய்தது என்ன தெரியுமா? தூரிகையை எடுத்தார்கள். கின்டோரின் ஆடவர், கின்டோரின் மகளிர், கிவிர்குராவின் ஆடவர், கிவிர்குராவின் மகளிர் எனக் கூடி நான்கு பெரும் ஓவியங்களைத் தீட்டினர். எந்தக் கதையை வண்ணம் பூசி மறைத்தார்களோ, அந்தக் கதைமரபின் ஓவியங்கள்! 2000ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியிலே, நியூ சவுத் வேல்ஸ் ஓவியக் கூடத்தில் ஏலம் நடந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. 2003இல் அவர்களது அமைப்பு பதிவாயிற்று. 'நம் உற்றார் அனைவரையும் நலமுறச் செய்தல்' என்பது அவர்கள் தம் மொழியில் சூட்டிய பெயரின் பொருள். 2004இல் கின்டோரிலேயே கருவி சுழலத் தொடங்கிற்று. முடியாது என்றிருந்த சர்க்காரும் 2018இல், தொலைவூர்களில் தாதியர் நடத்தும் டயாலிசிஸுக்குப் பொது மருத்துவ நிதியிலிருந்து பணம் தர முன்வந்தது.

இப்போது சொல்லுங்கள், இங்கே பகுத்தறிவு எவர் பக்கம் இருந்தது? 'குன்று எம் முன்னோர்' என்றவர்கள் கருவியை வெறுத்தார்களா? வேண்டும் என்றார்கள், எம் மண்ணில் வேண்டும் என்றார்கள். அறிவியலை மறுத்தவர்கள் அல்லர். அறிவியலோடு அடிமைத்தனத்தையும் சேர்த்து விழுங்க மறுத்தவர்கள்.

உடனே ஒரு நண்பர் எழுந்து, "அப்படியானால் அவர்கள் நம்புவதெல்லாம் சரியா? பழமை எல்லாம் பொன்னா?" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். 'அவர்கள் அப்படியே இருக்கட்டும், அழகாக இருக்கிறது' என்று கண்காட்சிப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்ப்பதும் இழிவுபடுத்துதலே. நோய்க்குக் காரணம் எவனோ வைத்த சூனியம் என்று ஒருவர் நம்பி மருந்தை மறுத்தால், நம் இளைஞன் கிருமியைப் பற்றிப் பேசியே தீர வேண்டும். ஆனால் அவர் மொழியைக் கற்று, அவர் அருகே மண்ணில் அமர்ந்து பேச வேண்டும். மாண்டவர் பெயரைச் சொல்லாமல் 'குன்மானரா' என்ற பொதுச்சொல்லால் குறிப்பது அங்கே வழக்கம். இதனால் யாருக்குக் கேடு? அழும் வீட்டின் மனத்தைக் காக்கும் வழக்கத்தை உடைத்து நம் வீரத்தை நிலைநாட்டுவது வீரமன்று, விளம்பரம். உளுருப் பாறையும் அத்தகையதே. 1985இல் அதன் உரிமை அனங்கு மக்களிடம் திரும்பிற்று. ஏறாதீர் என்ற அவர்களது வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் சுற்றுலாவினர் ஏறிக்கொண்டே இருந்தனர். 2019 அக்டோபரில்தான் அந்த ஏற்றம் நின்றது. ஏறியவர்கள் எல்லாம் நாத்திகர்களா என்ன? கோயிலுக்குப் போகும்போது செருப்பைக் கழற்றுபவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மக்களைக் கேளாமல் செய்யும் நன்மைக்கு இன்னும் ஒரு சான்று தேவையெனில் 2007ஐப் பாருங்கள். வடக்கு ஆட்சிப்பகுதியில் குழந்தைகள் கொடுமைக்கு உள்ளாவதாக அறிக்கை ஒன்று வந்தது, கொடுமை உண்மை. ஆனால் மக்களோடு கலந்து பேசுவதையே அவ்வறிக்கை முதன்மையாக வலியுறுத்திற்று. அரசோ இராணுவத்தினரை அனுப்பியது. இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அங்கு நிறுத்தி வைத்தது. உதவித்தொகையில் பாதியை எதற்குச் செலவிடலாம் என்பதையும் அதுவே வகுத்தது. இதற்கு எதிர்ப்புறத்தில் பெட்ரோல் முகரும் கேட்டை வையுங்கள். பிள்ளைகளின் மூளையை அழித்த அந்தப் பழக்கத்தை எதிர்த்துப் பாலைவனத்து மகளிர் ஆண்டுக்கணக்கில் போராடினர்; முகர்ந்தால் போதை தராத எரிபொருள் 2005 முதல் வந்தது; அது விற்கப்பட்ட ஊர்களிலே கேடு வெகுவாகக் குறைந்தது. தாய்மாரின் குரலும் வேதியியலும் கைகோத்தன.

அந்நாட்டு வெள்ளையரிடையே கேலிப் பேச்சு ஒன்று உண்டு: பாலைவனத்துக்கு வேலைக்கு வருவோர் மூவகையினர், சமயம் பரப்ப வந்தவர், சம்பளத்துக்கு வந்தவர், சமூகத்தில் ஒட்டாதவர். நான்காம் வகையாக நாம் விரும்பும் மனிதர் இல்லாமற்போகவில்லை. கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் கடவுள் நம்பிக்கையற்றவர். 1976 முதல் 1978 வரை அவர் தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகச் சென்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கண்களைச் சோதித்தது. ஊருக்குள் முதலில் போய்ப் பேசியவர்கள் ஆதிக்குடித் தோழர்களே. மருத்துவர் பின்னே சென்றார்.

கின்டோரில் தொடங்கிய பணி இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. கருவி நிலையாக வைக்க இயலாத இடங்களுக்கென்று 2011 முதல் ஒரு லாரி இருக்கிறது. டயாலிசிஸ் கருவிகளைச் சுமந்து, ஓவியம் தீட்டிய உடலோடு, செம்மண் சாலையிலே ஓடுகிறது. நகரத்தில் தங்க நேர்ந்தவர்கள், உற்றாரின் இறுதிச் சடங்குக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போகும்போது அதுவும் உடன் போகிறது.