கிழங்கும் கேள்வியும்

கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலைச்சரிவிலும் மரவள்ளி விளைகிறது. வயிற்றை நிரப்பும் கிழங்கு அது. ஆனால், குருதிக்கு வேண்டிய இரும்பைப் போதிய அளவு தராத கிழங்கு. அந்தக் குறையைக் களைய முடியும் என்று 2019இலே அமெரிக்காவின் டான்ஃபோர்த் தாவர அறிவியல் மையத்து ஆய்வாளர்கள் காட்டினர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடியொன்றின் இரண்டு மரபணுக்களை மரவள்ளியிலே சேர்த்தனர். ஒன்று, இரும்பை ஈர்க்கும். மற்றொன்று, அதைச் சேமிக்கும். போர்ட்டோ ரிக்கோ வயலிலே விளைந்த அக்கிழங்கில் இரும்பு 7 முதல் 18 மடங்கும், துத்தநாகம் 3 முதல் 10 மடங்கும் மிகுந்திருந்தன.

"படைத்தவன் பணியிலே மனிதன் கைவைப்பதா?" என்று பதறுவோர் உண்டு. அவர்களைக் கேட்கிறோம்: மரவள்ளி எந்த மண்ணின் பிள்ளை? தென் அமெரிக்காவிலே தோன்றி, கடல் கடந்து, மனிதன் கைவழியே நம் மலையேறிய பயிரன்றோ! மலையாளிப் பழங்குடி மக்கள் விதைக்கும் சாமையும் ஒரு காலத்தில் காட்டுப்புல்லே. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதைத் தானியமாக்கியது மனித உழைப்பு. பயிரைத் திருத்துவது பாவமெனில், உழவே பாவம்! குருதி குன்றி வெளிறிய தாயின் முன்னே நின்று இயற்கையின் தூய்மை பேசுவது அறமாகாது.

ஆயினும் தோழர்களே, கோயிலிலே கூப்ப மறுத்த கையை ஆய்வுக்கூட வாயிலிலே கூப்புவதும் பகுத்தறிவாகாது. அந்தக் கிழங்கு நம் உழவர் வயலுக்கு இன்னும் வரவில்லை, வருமுன்னே கேட்போம். தமிழகத்து மரவள்ளியிலே பெரும் பங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. அங்கே வேண்டப்படுவது மாவுச்சத்து மட்டுமே. கிழங்கிலே ஏற்றிய இரும்பு ஏழையின் குருதியை எட்டுமா? இன்று உழவன் குச்சியை வெட்டி நடுகிறான், அண்டை வீட்டானுக்கும் தருகிறான். நாளை அந்தக் குச்சிக்கு உரிமை கோரி ஒரு முதலாளி வருவானா? உண்பவர்க்குத் தீங்கில்லை என்று சொல்பவன், விற்பவன்தானா, வேறொருவனா?

"நாங்கள் அறிவோம், நீ உண்" என்பது புதுக் குரலன்று. "நாங்கள் ஓதுவோம், நீ கேள்" என்ற பழங்குரலின் மறுபிறப்பே அது! உண்பவரைக் கேளாமல் உணவை மாற்றுவது, நல்லெண்ணத்தால் செய்யினும் ஆதிக்கமே.

அறிவியலை வரவேற்போம். அதன் நன்மையையும் ஐயத்தையும் அந்த மலைவாழ் தாய்க்கு விளங்கும் தமிழிலே எடுத்து வைப்போம். கிழங்கு அவள் அடுப்பிலே வேகப்போவது, முடிவும் அவளுடையதாகட்டும்!