வருந்தும் மனதுக்கு ஒரு ஜப்பானியப் பாட்டு

செய்த தவறை நினைத்து மனம் குமையும்போது பாட்டுக் கேட்பது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம். ஜப்பானியப் பாட்டுகளில் அதற்கு எதைக் கேட்கலாம் என்றால், பலரும் 1961-இல் க்யூ சகமோட்டோ பாடியதைத்தான் சொல்வார்கள். 'சுகியாக்கி' என்ற பெயரில் 1963 ஜூனில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. அழுகையை அடக்கிக்கொண்டு நடப்பவனின் பாட்டு. நடுவில் வரும் சீட்டி ஒலி கேட்பவரையும் தேற்றிவிடும். இன்றைய தலைமுறையைக் கேட்டால், மசயோஷி யமசாகியின் 1997-ஆம் ஆண்டுப் பாட்டைச் சொல்லக்கூடும். போய்விட்டவளைத் தெருத்தெருவாகத் தேடும் பாட்டு. இயக்குநர் மகோட்டோ ஷின்காய் அதைத் தம் 2007-ஆம் ஆண்டு அனிமேஷன் படத்தின் முடிவில் வைத்தார். இரண்டும் நல்ல பாட்டுகள்தான். ஆனால் இரண்டிலும் பேசப்படுவது இழந்தவனின் வலி. நம்மால் இன்னொருவர் இழந்தது இருக்கிறதே, அந்த வருத்தத்துக்கு இவை போதாது என்பது என் எண்ணம்.

அதற்கு வேறொரு பாட்டு இருக்கிறது. மசாஷி சதா 1982-இல் எழுதிப் பாடிய 'சுகுனாய்'. பரிகாரம் என்று பொருள். அவர் கேள்விப்பட்ட உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்தது. யூ-ச்சான் என்று ஓர் இளைஞன். சம்பள நாளன்று கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தபால் நிலையத்துக்கு ஓடுவான். காசு சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். மழை பெய்த ஓர் இரவில் அவன் ஓட்டிய வண்டியில் ஒருவர் அடிபட்டு இறந்தார் என்பது ஒரே ஒரு நண்பனுக்குத்தான் தெரியும். பணம் மாதாமாதம் அந்த மனிதரின் மனைவிக்குப் போகிறது. ஏழாவது ஆண்டில் முதன்முறையாக அவளிடமிருந்து கடிதம் வருகிறது. உங்கள் மனம் புரிகிறது, இனிப் பணம் அனுப்ப வேண்டாம், உங்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கணவர் நினைவு வருகிறது, உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்கிறாள். இந்தக் கதையை யூ-ச்சான் தன் வாயால் சொல்வதில்லை. பார்த்துக்கொண்டிருந்த நண்பன் சொல்கிறான். சதாவின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. தவறு செய்தவனே பாடியிருந்தால் பாட்டு கழிவிரக்கத்தில் முடிந்திருக்கும்.

இந்தப் பாட்டு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2001 ஏப்ரலில் டோக்கியோவின் சாங்கென்ஜாயா ரயில் நிலையத்தில், ரயிலில் தொடங்கிய ஓர் அற்பத் தகராறில் அடிபட்ட வங்கி ஊழியர் ஒருவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டு இளைஞர்களுக்கு டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்புக்குப் பிறகு நீதிபதி அவர்களைப் பார்த்து, சதாவின் 'சுகுனாய்' பாட்டைக் கேட்டதுண்டா என்றார். அதன் வரிகளை மட்டுமாவது படித்தால், நீங்கள் சொன்ன வருத்த வார்த்தைகள் ஏன் யார் மனதையும் தொடவில்லை என்பது விளங்கும் என்றார். தப்புத்தான், மன்னியுங்கள் என்று வாயால் சொல்வதற்கும் யூ-ச்சானின் ஏழு வருடத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் அவர் சுட்டிக்காட்டினார்.

ஏற்கெனவே நொந்திருப்பவனை இப்படிப்பட்ட பாட்டு இன்னும் நோகடிக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாப்பாடும் தூக்கமும் போய், உயிரோடு இருப்பதே பாரம் என்கிற அளவுக்கு வருத்தம் முற்றியவருக்கு எந்தப் பாட்டும் மருந்தாகாது. அவர் நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசியாக வேண்டும். மற்றவர்களைப் பொறுத்தவரை, வலிப்பதாலேயே ஒரு பாட்டைத் தள்ளிவிட முடியாது. 'நான் எவ்வளவு கெட்டவன்' என்று தன்னையே சுற்றிச்சுற்றி வருவதுதான் மனிதனை அரிக்கிறது. இந்தப் பாட்டு பார்வையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்புகிறது. வாழ்நாள் முழுக்கத் தன்னையே தண்டித்துக்கொள்ளச் சொல்லும் பாட்டா இது என்றால், அதுவும் இல்லை. போதும் என்று நிறுத்தும் உரிமையை அது பாதிக்கப்பட்டவளிடம் கொடுக்கிறது. அவளும் நிறுத்தச் சொல்கிறாள். அந்த உரிமையைத் தவறு செய்தவர் தாமே எடுத்துக்கொண்டு, 'போனது போகட்டும்' என்று தம்மைத் தாமே மன்னித்துக்கொள்வதைத்தான் அது ஒப்புக்கொள்வதில்லை. சொன்ன ஒரு கடுஞ்சொல், திருப்பித் தராத ஒரு கடன் என்று நம் வருத்தங்கள் சிறியவையாக இருக்கலாம். அங்கேயும் கணக்கைத் தீர்க்க வேண்டிய இடம் எதிராளியின் வாசல்தான்.

ஜப்பானிய மொழி தெரியாதே என்பது கடைசித் தடை. வரிகளை மட்டுமாவது படியுங்கள் என்றுதான் அந்த நீதிபதியும் சொன்னார். இணையத்தில் மொழிபெயர்ப்பைத் தேடி முதலில் படித்துவிடுங்கள், பிறகு பாட்டைக் கேளுங்கள்.