கடவுளுக்கு முகவரி உண்டா?

இந்து மதத்தையும் யூத மதத்தையும் ஒரு பக்கம் வை. கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம், சீக்கியம் நான்கையும் எதிர்ப்பக்கம் வை. அமெரிக்காவில், பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. மானிடப் புவியியல் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் பண்பாட்டுப் பாடத்தில் கட்டாயம் மனப்பாடம் செய்யும் பிரிவு இது. முதல் பக்கத்தில் இருப்பவை இனம் சார்ந்த மதங்கள். ஒரு மக்கள் கூட்டத்தோடு பிணைந்தவை, பெரும்பாலும் பிறந்த மண்ணை ஒட்டியே காணப்படுபவை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை உலகளாவிய மதங்கள். யாரும் சேரலாம், எங்கும் பரவலாம்.

மதிப்பெண் வாங்க இது போதும். 60 கொள்குறி வினாக்களுக்கு 60 நிமிடம். பிறகு 75 நிமிடத்தில் மூன்று விரிவான வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 7 மதிப்பெண். 2025 மே முதல் காகிதம் போய், எல்லாமே புளூபுக் செயலியில் நடக்கிறது. மடிக்கணினித் திரையின் மேலே கடிகாரம் குறைந்துகொண்டே வரும். தவறென்று தோன்றும் விடையை ஒரு சொடுக்கில் அடித்துவிடலாம். 2001-ல் தொடங்கிய இந்தத் தேர்வை இன்று ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அப்போதுதான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்னும்போது, 'இந்து மதம்: இனம் சார்ந்தது' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆனால் அந்தப் பிரிவுக்கு அடியில் மனிதர்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று கிடக்கிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன் என்றால் காசிக்கு ஏன் போக வேண்டும்? மெக்காவை நோக்கி ஏன் தொழ வேண்டும்? எருசலேமின் மதில் முன்னே நின்று ஏன் அழ வேண்டும்? நம்பிக்கைக்கு இடம் தேவையா, இல்லையா? பாடநூலின் பிரிவு இதற்குச் சத்தமில்லாமல் ஒரு விடை சொல்லிவிடுகிறது: சில மதங்கள் மண்ணைத் தாண்டிவிட்டன, சில இன்னும் மண்ணிலேயே நிற்கின்றன. இந்த விடை சரியா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய கருவிகளும் அதே பாடத்திட்டத்தில்தான் இருக்கின்றன.

முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதில் உருண்டைப் புவியைத் தட்டையாக வரையும் முறைகளான வரைபட வீழல்கள் வருகின்றன. 1569-ல் மெர்கேட்டர் வரைந்த உலகப்படம் வருகிறது. அந்தப் படத்தில் நியூயார்க்கிலிருந்து மெக்காவுக்கு ஒரு கோடு போட்டால் அது தென்கிழக்காக ஓடும். நியூயார்க் ஏறத்தாழ 41 பாகை வட அட்சத்தில் இருக்கிறது, மெக்கா 21 பாகையில். எனவே தெற்கே சாய்வதுதான் நியாயம் என்று கண் சொல்லும். ஓர் உருண்டையான புவிக்கோளத்தில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கதை மாறிவிடுகிறது. நியூயார்க்கை விட்டுக் கிளம்பும் நூல் வடகிழக்காகத்தான் போகிறது. அமெரிக்க முஸ்லிம்களிடையே தொழுகைத் திசை பற்றி இதனால் உண்மையாகவே விவாதம் நடந்தது. இன்று பெரும்பாலான பள்ளிவாசல்கள் வடகிழக்கையே ஏற்றிருக்கின்றன. 1957-ல் அதிபர் ஐசனோவர் பங்கேற்க, வாஷிங்டனில் திறந்துவைக்கப்பட்ட இஸ்லாமிய மையத்தின் முகப்பு சாலைக்கு இணையாக நிற்கிறது. உள்ளே இருக்கும் பள்ளிவாசலோ மெக்காவுக்காகத் திரும்பிச் சாய்வாக நிற்கிறது. உலகெங்கும் பரவிய மதம் நாளுக்கு ஐந்து முறை ஒரே ஓர் ஊரை நோக்கித் திரும்புகிறது. அந்தத் திசையைக் கண்டுபிடிக்க வேண்டியதும் ஒரு காரணமாக இடைக்கால இஸ்லாமிய அறிஞர்கள் கோள முக்கோணவியலை வளர்த்தார்கள். இதை 'மண்ணைத் தாண்டிய மதம்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி முதல் பக்கத்தைப் பார்ப்போம். பிட்ஸ்பர்க் அருகே பென் ஹில்ஸில் 1976-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரர் கோயில் எழுந்தது. திருப்பதிப் பெருமாளை அமெரிக்கக் குன்றில் எழுந்தருளச் செய்தவர்கள் அந்த ஊரின் நதிகளையும் விட்டுவைக்கவில்லை. அங்கே அலகெனி, மோனோங்கஹீலா என்ற இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோவாகின்றன. நகரத்துக்கு அடியில் பனியுகக் காலத்து நிலத்தடி நீரோட்டம் ஒன்றும் உண்டு. சங்கமத்தில் இருக்கும் நீரூற்றுக்கு அதிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. கண்ணுக்குத் தெரிந்த இரண்டு, தெரியாத ஒன்று: கங்கை, யமுனை, சரஸ்வதி. கோயில் பக்தர்கள் அந்தச் சங்கமத்தைப் பிரயாகையின் சாயலில் எழுதிவைத்ததைச் சமய அறிஞர் வசுதா நாராயணன் பதிவு செய்திருக்கிறார். சங்கல்பத்திலும் இதைக் கேட்கலாம். இந்தியாவில் பூஜைக்கு உட்காருபவர் தாம் ஜம்புத் தீவில், பாரத வருஷத்தில் இருப்பதாகச் சொல்லித் தொடங்குவார். அமெரிக்காவில் பல குருக்கள் அந்த இடத்தில் கிரௌஞ்சத் தீவு என்கிறார்கள். புராணத்தின் உலகப்படத்தில் அமெரிக்காவுக்கும் ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார்கள். இடம் முக்கியமில்லை என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. இடத்தைச் சொல்லாமல் வழிபாடு தொடங்காது என்பதால்தான் புது இடத்துக்குப் பெயர் தேவைப்பட்டது.

யூதர்களின் வரலாறு இன்னும் ஆழமானது. கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தபோது பலிபீடத்தோடு வழிபாடும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பலி போன இடத்தில் படிப்பும் பிரார்த்தனையும் வந்தன. யூத மதத்தின் பெருநூல்களில் ஒன்றான பாபிலோனியத் தல்மூத், பெயரே சொல்வதுபோல, தாய்மண்ணுக்கு வெளியே தொகுக்கப்பட்டது. ஆனாலும் தொழும்போது முகம் எருசலேம் பக்கம்தான்.

ஆக, எந்த மதமும் முழுக்க ஒரு பெட்டிக்குள் அடங்கவில்லை. இதை வகைப்பாட்டின் சிறு பிசிறு என்று தள்ளிவிடலாம். தள்ளிவிடக் கூடாது என்பதற்குக் காரணம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது.

ஸ்டாண்டிங் ராக் சூ பழங்குடியைச் சேர்ந்த வைன் டெலோரியா 1973-ல் 'காட் இஸ் ரெட்' என்ற நூலை எழுதினார். மேற்கத்திய மதங்கள் காலத்தின் மேல் நிற்கின்றன, பூர்வகுடி மதங்கள் இடத்தின் மேல் நிற்கின்றன என்பது அவருடைய வாதம். ஒரு தரப்புக்குக் கேள்வி 'எப்போது நடந்தது?'; மற்றத் தரப்புக்கு 'எங்கே நடந்தது?'. வரலாற்றில் ஒருமுறை நடந்ததை எங்கிருந்தும் நினைவுகூரலாம். ஒரு மலையில் நடப்பதை அந்த மலையில்தான் செய்ய முடியும்.

இந்த வேறுபாடு 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வடக்குக் கலிபோர்னியாவின் சிக்ஸ் ரிவர்ஸ் தேசிய வனத்தில், யுரோக், கரூக், டொலோவா மக்கள் வழிபடும் உயர்மலைப் பகுதி வழியாக வனத்துறை சாலை போடத் திட்டமிட்டது. துறையே செய்யவைத்த ஆய்வு, சாலை வேண்டாம், அது அவர்களுடைய சமய வாழ்வை மீள முடியாதபடி சிதைக்கும் என்று சொல்லியிருந்தது. நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பாதிப்பு கடுமையாக இருக்கக்கூடும் என்பதை நீதிபதி ஓ'கானரின் தீர்ப்பு மறுக்கவில்லை. ஆனால் அரசு யாரையும் நம்பிக்கையைக் கைவிடும்படி வற்புறுத்தவில்லை, நிலமோ அரசுடையது என்று அது முடித்தது. நம்பிக்கை மனத்துக்குள் இருக்கிறது, மலை வெளியே இருக்கிறது, ஆகவே மலையைக் குடைந்தால் மதத்துக்குக் கேடில்லை: இதுதான் அந்தத் தர்க்கம். கோயிலும் தேவாலயமும் வேறிடத்தில் எழும்பலாம் என்று பழகிய மனம், மலையே கோயிலாக இருப்பதைப் பார்க்கத் தவறியது. பிறகு 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தப் பகுதியைக் காத்ததால் சாலை முழுமை பெறவில்லை. அந்த மலையைக் காத்தது ஒரு சட்டம். மத உரிமை அதைக் காக்கவில்லை.

சூ மக்களின் கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) இன்னொரு சான்று. 1868 ஒப்பந்தம் அவர்களுக்கு உறுதி செய்த அந்தக் குன்றுகளை, தங்கம் கிடைத்ததும் 1877-ல் அரசு எடுத்துக்கொண்டது. அது தவறு என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் ஏற்று, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதி செய்தது. சூ மக்கள் அதைத் தொடவில்லை. இன்று அந்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிக ஏழ்மையான வட்டாரங்களில் வாழும் மக்கள் குன்றுகளே வேண்டும் என்கிறார்கள். இடத்துக்கு ஈடாகப் பணம் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான தத்துவ வாதம் எந்த நூலிலும் இல்லை.

அப்படியானால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை என்ன செய்வது? பிரிவைப் படிக்கத்தான் வேண்டும். வகைப்படுத்தாமல் எந்தப் படிப்பும் தொடங்க முடியாது. கொள்குறிப் பகுதியில் வாதாடவும் இடமில்லை. ஆனால் விரிவான வினாக்களில் 'எந்த அளவுக்கு என்று விளக்குக' என்றும், 'இந்த மாதிரியின் வரம்பை விளக்குக' என்றும் கேட்பது வழக்கம். பிள்ளை தானாக யோசிக்கத் தேர்வே இடம் கொடுக்கும் வினாக்கள் இவை. 2020 மே மாதம் கொரோனா முடக்கத்தில் இந்தத் தேர்வைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதினார்கள். 45 நிமிடம்தான், கொள்குறி வினா கிடையாது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். புத்தகம் கண் முன்னே இருக்கும்போது வரையறையை ஒப்பிப்பதற்கு மதிப்பில்லை. வரையறை எங்கே பொருந்துகிறது, எங்கே உடைகிறது என்பதைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்த 45 நிமிடம் பயன்பட்டிருக்கும்.

எனவே கடைசி வாரங்களில் மனப்பாட அட்டைகளைப் புரட்டுவதோடு ஒவ்வொரு மதத்துக்கும் இரண்டு உதாரணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது: பிரிவுக்குப் பொருந்தும் ஒன்று, பொருந்தாத ஒன்று. இந்து மதம் என்றால் பொருந்துவதற்குக் கங்கைக் கரை யாத்திரை. பொருந்தாததற்கு, கடல் தாண்டி வேரூன்றிய பாலித் தீவு, அல்லது பென் ஹில்ஸ். இஸ்லாம் என்றால் பொருந்துவதற்கு இந்தோனேசியா வரை நடந்த பரவல். பொருந்தாததற்கு, வாஷிங்டனில் திரும்பி நிற்கும் அந்தப் பள்ளிவாசல். நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் தமிழ்ப் பிள்ளை, அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது, சங்கல்பத்தில் எந்தத் தீவின் பெயர் சொல்கிறீர்கள் என்று குருக்களிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டால், மூன்றாம் பாடமான பண்பாட்டுப் பாடத்துக்கு வேறு எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காத உதாரணம் ஒன்று கையில் இருக்கும்.